வலது கழுத்து, இடது கை

ஒச்சாண்டம்மன் துணை

திக்லிபூர்
வட அந்தமான்
11-6-2025

அண்ணன் ஒச்சப்பனுக்குத் தங்கச்சி விஜயகுமாரி எழுதுவது. இங்கே நானும் மகள் ஹரிணியும் பாக்கு மரங்களும் மழையில் ஊறிக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் காவேரி மதினியும் சுகமா என்பதை மறைக்காமல் எழுதவும். மறைக்காமல் என்பதற்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன், பார்.

ஊர் உலகமெல்லாம் வீடியோவில் முகம் பார்த்துப் பேசும்போது நான் தபாலாபீசுக்குப் போய்க் கவர் வாங்க வேண்டியதாகிவிட்டது. எப்போது போன் பண்ணினாலும் மதினிதான் எடுக்கிறாள். "அவுக தூங்குறாக." "அவுக கப்பல் பாக்க ஜெட்டிக்குப் போயிருக்காக." "சிக்னல் சரியில்ல விஜயா, ஒரு லெட்டர் போடேன், அவுகளுக்கு லெட்டர்னாத்தான் புடிக்குது." கடலுக்கடியில் கேபிள் போட்டு எத்தனை வருஷம் ஆகிவிட்டது? மதினி பேசும்போது கணீரென்று கேட்கிற சிக்னல் உன் குரலுக்கு மட்டும் எங்கே ஓடுகிறது? பஸ் டிக்கெட் கவுண்டரில் ஆயுசு பூரா உட்கார்ந்து, "நான் லோக்கல்தான் மேடம், கார்டு வீட்டுல இருக்கு" என்று தீவுக்காரர் சலுகை டிக்கெட்டுக்குப் புளுகியவர்களை மூஞ்சியைப் பார்த்தே பிடித்தவள் நான். அதை மறந்துவிடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு பெங்காலி டாக்டரம்மா வந்திருக்கிறார். பிரஷர் பார்க்கப் போன என் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். ஏதோ சத்தம் வருகிறதாம். போர்ட் பிளேயருக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கழுத்தில் மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் முக்கால்வாசி அடைத்திருக்கிறது. உனக்கு வந்த அதே சீக்கு. உனக்கு வலது பக்கம், எனக்கு இடது பக்கம். அப்பா பட்டாளத்துக்காரர் என்று தனக்குக் கிடைத்த நிலத்தைத்தான் நமக்குப் பங்கு வைத்தார் என்று நினைத்திருந்தேன், கழுத்தையும் வைத்திருக்கிறார்.

ஆனால் உனக்கு ஏப்ரலில் இடது கை செத்துப்போய் டீ கிளாஸ் நழுவியதே, அப்படி எனக்கு எதுவும் ஆகவில்லை. மாத்திரையிலேயே ஓட்டலாம், கீறிச் சுத்தம் செய்யலாம், அல்லது ஸ்டென்ட் போடலாம், பெரிய டாக்டர்கள் பார்த்து முடிவு செய்யட்டும் என்கிறார் டாக்டரம்மா. "மாமாவுக்குப் போட்ட சென்னை ஆஸ்பத்திரிக்கே போவோம்மா" என்று ஹரிணி குதிக்கிறாள். எனக்கு டாக்டரிடம் நம்பிக்கையில்லை, ஹரிணியிடமும் இல்லை. உன்னிடம்தான் இருக்கிறது. மே மாதம் ஸ்டென்ட் போட்டுக்கொண்டவன் நீ. போட்டுக்கொள் என்றால் போட்டுக்கொள்கிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். ஒரு வார்த்தை எழுது.

உன் பதிலுக்காகத் தபால்காரரை முறைத்துக்கொண்டிருக்கும்
விஜயா


கேம்பல் பே
கிரேட் நிக்கோபார்
2-7-2025

அன்புத் தங்கை விஜயகுமாரிக்கு, அண்ணன் ஆசீர்வாதம். இங்கு நானும் காவேரியும் அம்மன் கிருபையால் நலம். ஹரிணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

கடிதம் கிடைத்தது. நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். எனக்கு ஏற்கெனவே இருதயத்தில் கோளாறு இருப்பதால் கழுத்தைக் கீறுவதைவிட ஸ்டென்ட் நல்லது என்று முடிவு செய்தார்கள். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கிருந்து மெல்லிய குழாயைக் கழுத்துவரை ஏற்றினார்கள். முழு மயக்கம் கிடையாது. முதலில் குடை போன்ற ஒரு வடிகட்டியை விரித்தார்கள். அழுக்கு பெயர்ந்தால் மூளைக்குப் போகாமல் அது பிடித்துக்கொள்ளும். பிறகு கம்பி வலையை விரித்து வைத்துவிட்டுக் குடையை மடக்கி எடுத்துவிட்டார்கள்.

ஒரு வேடிக்கை. இடது கையில் ஒரு ரப்பர் வாத்தைக் கொடுத்தார்கள். டாக்டர் சொல்லும்போதெல்லாம் அழுத்த வேண்டும், அது கீச்சென்று கத்தும். கத்தினால் மூளைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம். வலது கழுத்தில் கோளாறு என்றால் இடது கையில்தான் தெரியுமாம். நான் கடைசிவரை நன்றாக அழுத்தினேன். கிளம்பும்போது நர்ஸ் வாத்தை என்னிடமே கொடுத்துவிட்டாள்.

மறுநாளே எழுந்து நடந்தேன். ரத்தம் கட்டாமலிருக்க இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. டாக்டர்கள் சொன்னால் நீயும் போட்டுக்கொள். வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு
ஒச்சப்பன்


திக்லிபூர்
19-7-2025

அண்ணனுக்கு, உன் நலம் பற்றி நீ எழுதியதை நம்பாத தங்கச்சியின் வணக்கம். நாங்கள் சுகம். மழைதான் விடவில்லை.

உன் கடிதத்தை ஹரிணி படித்துவிட்டு, "எவ்வளவு தெளிவா எழுதியிருக்காரு மாமா" என்றாள். எனக்கு அந்தத் தெளிவில்தான் சந்தேகம். அது ஆஸ்பத்திரி வாசலில் கொடுக்கிற நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. "ஆகவே" என்கிறாய், "வேறு விசேஷம் இல்லை" என்கிறாய். ஒரு கழுதை இல்லை, ஒரு கூறுகெட்டவளே இல்லை. என்னைத் திட்டாமல் நீ ஒரு கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் யாராவது நின்று எழுத வைத்தார்களா?

இன்னொன்றும் கவனித்தேன். சென்னையில் மறுநாள் எழுந்து நடந்ததோடு கதை நின்றுவிட்டது. ஊருக்கு எப்படி வந்தாய், வந்த பிறகு எப்படி இருக்கிறாய், ஒரு வரி இல்லை. டிக்கெட்டில் ஏறிய இடம் மட்டும் இருந்து இறங்கிய இடம் இல்லாவிட்டால் நான் விட்டிருக்கிறேனா?

மதினி கோயிலுக்குப் போகிற வேளை பார்த்துப் போன செவ்வாய்க்கிழமை உன் நம்பருக்கு அடித்தேன். எவனோ ஒரு குடிகாரன் எடுத்தான். நாக்குப் புரளாமல் கொழகொழவென்று என்னமோ உளறினான். "பட்டப்பகல்ல குடிச்சிட்டு ஊரான் வீட்டுப் போனை எடுக்கிறியே, வெக்கமா இல்ல, வைடா" என்று திட்டினேன். அப்படியும் வைக்காமல் ம்ம், ம்ம் என்று அனத்திக்கொண்டிருந்தான். நானே வைத்துவிட்டேன். யார் அவன்? உன் போன் எப்படி அவன் கைக்குப் போனது?

டாக்டரம்மாவிடம் மறுபடி போனேன். ஸ்டென்ட் போட்டால் ஆபத்து உண்டா என்று நேராகவே கேட்டேன். "உண்டு ஆன்ட்டி. சௌ மே தோ-தீன்" என்றார். நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு, போடும்போதோ அடுத்த ஒரு மாதத்துக்குள்ளோ பக்கவாதம் வரலாமாம். வயது கூடினால் இன்னும் கொஞ்சம் கூடுமாம். "வோ தோ-தீன் கௌன் ஹை?" என்று கேட்டேன். அந்த இரண்டு மூன்று பேர் யார் என்று தெரிந்தால்தானே நான் அதில் இல்லை என்று சொல்ல முடியும். டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ அந்த இரண்டு மூன்று பேரில் ஒருவனா அண்ணே? அதை மட்டும் சொல்.

உன் சத்தியமான பதிலை எதிர்பார்க்கும்
விஜயா


கேம்பல் பே
14-8-2025

விஜயாவுக்கு, இங்கு சுகம். உங்கள் சுகத்துக்கு அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

கழுதை. கூறுகெட்டவளே. போதுமா?

போனை ஜெட்டியில் மறந்து வைத்துவிட்டேன். யாரோ எடுத்திருக்கிறார்கள். அதை விடு. நான் அந்த இரண்டு மூன்று பேரில் ஒருவன் இல்லை. நீ உன் கழுத்தைக் கவனி. தாமதம் செய்யாதே.

ஒச்சப்பன்


திக்லிபூர்
30-8-2025

ஒச்சப்ப அண்ணனுக்கு. சுகம் விசாரிப்பது மரியாதைக்காக. உனக்கு சுகமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கேம்பல் பே போகிற கப்பல் கேன்டீனில் வேலை பார்க்கிற வெங்கடேஷ் லீவில் வந்திருக்கிறான். உன்னைப் பார்த்தானா என்று கேட்டேன். "ஒச்சப்பன் பாய் இப்ப ஜெட்டிக்கு வர்றதே இல்ல அக்கா. ஜஹாஜ் வந்து ஜெட்டில நிக்கிற நேரம் மேல ரோட்டுல ஆட்டோவுக்குள்ள உக்காந்து பாத்துட்டுப் போயிர்றாரு. நான் கை காட்டினேன், தலைய மட்டும் ஆட்டுனாரு" என்றான். ஜெட்டி சிக்னல் ரூமில் வேலை பார்த்து, ரிட்டையர் ஆன பிறகும் கப்பல் வருகிற நாளெல்லாம் போய் நின்று, மைக் இல்லாமலே "ஏணி வைக்கிற வரைக்கும் யாரும் தள்ளாதே" என்று மூன்று பாஷையில் கத்துகிறவன் நீ. நீ தலையை மட்டும் ஆட்டினாயா? ஜெட்டிக்கே வராதவன் போனை ஜெட்டியில் எப்படி மறந்தாய்?

முழுப் பூசணிக்காயை என் சோற்றில் மறைக்கப் பார்க்காதே. அந்தக் கம்பி வலை உன்னை என்னமோ செய்துவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் வெளியே சொல்லாதே என்றிருப்பார்கள். மதினியும் அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு உன்னை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறாள். இனி அவள் போன் பண்ணினால் நான் எடுக்கப்போவதில்லை. பொய் சொல்கிற வாயிடம் எனக்கு என்ன பேச்சு.

நான் டாக்டரம்மாவிடம் தீர்த்துச் சொல்லிவிட்டேன். ஸ்டென்டும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், சென்னையும் வேண்டாம். போட்டவன் கதையே தெரியவில்லை, நான் எந்த தைரியத்தில் போடுவது? ஹரிணி என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். மாத்திரை போதும் எனக்கு.

அந்த மாத்திரைக்கும் இப்போது பஞ்சம். மழையில் ரோடு இடிந்து லாரி வரவில்லை, கப்பலும் தள்ளிப்போகிறது, மெடிக்கல் ஷாப்பில் ஸ்டாக் இல்லை. கையிலிருக்கிற அட்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு நீட்டிக்கொண்டிருக்கிறேன். நமக்கு இது புதுசா என்ன? கப்பல் வரும்வரை நீட்டத் தெரியாதவன் தீவுக்காரனா?

மனசு ஆறாமல்
விஜயா


கேம்பல் பே
9-9-2025

விஜயா,

சுகமா என்று கேட்க நேரமில்லை. முதலில் இன்றைய மாத்திரையை எடுத்து வாயில் போடு. போட்டுவிட்டு மீதியைப் படி.

உன் கடிதம் வந்ததிலிருந்து காவேரி உனக்குப் போன் அடித்தபடி இருக்கிறாள். நீ எடுக்கவில்லை. ஹரிணியின் நம்பர் எங்களிடம் இல்லை. அதனால் இங்கே ஆஸ்பத்திரி நர்ஸ் பானு ஹெலிகாப்டரில் பிளேயர் போகிறாள் என்று கேள்விப்பட்டு, அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். திக்லிபூர் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவாள். டிக்கெட் கவுண்டர்க்காரி வீடு எது என்று எந்த டிரைவருக்கும் தெரியும்.

உன் சந்தேகங்களையெல்லாம் படித்துச் சிரித்துக்கொண்டேதான் வந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற வரியைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். இனி மறைத்தால் நான் மனுஷனில்லை.

அந்தக் குடிகாரன் நான்தான்.

காவேரி கோயிலுக்குப் போயிருந்தாள். திரையில் உன் பெயரைப் பார்த்ததும் பொறுக்க முடியாமல் எடுத்துவிட்டேன். விஜயா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. பேச்சு குழறுகிறது. இடது கை தொங்குகிறது. வலது கைக்கும் படிப்பு எழுத்துக்கும் பழுதில்லை, அதனால்தான் காவேரியை விட்டு உன்னை லெட்டர் போடச் சொன்னேன்.

சென்னையில் எல்லாம் நான் உனக்கு எழுதியபடியேதான் நடந்தது, அதில் பொய்யில்லை. பிளேயருக்கு வந்தபோது கேம்பல் பே ஹெலிகாப்டரில் எனக்கு மட்டும் ஒரு சீட் கிடைத்தது. மூட்டை முடிச்சுக்கு இடமில்லை. காவேரி பெட்டிகளோடு கப்பலில் வருவது என்று முடிவானது. மாத்திரை முழுவதும் பெட்டிக்குள் இருந்தது. என் சட்டைப் பையில் கொஞ்சம் வைத்துக்கொண்டேன். கப்பல் வந்துவிடும், அதுவரை போதும் என்று நினைத்தோம். கடல் கொந்தளிப்பு என்று கப்பலை வழியில் கமோர்ட்டா தீவிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் ஆத்தா செய்ததைச் செய்தேன். மண்ணெண்ணெய் குறைந்தால் திரியைத் தணிப்பாள், அரிசி குறைந்தால் தேங்காயைத் துருவிப் போட்டுக் கஞ்சியாக்குவாள். கப்பல் வரும்வரை எதையும் நீட்டலாம் என்றுதானே வளர்ந்தோம். இரண்டு மாத்திரையை ஒன்றாக்கினேன். பிறகு அந்த ஒன்றையும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன். கெட்டிக்காரத்தனமாக இருக்கிறோம் என்று எனக்குப் பெருமை வேறு.

கப்பல் வந்த காலையில் ஜெட்டிக்குப் போகச் சட்டை மாட்டினேன். இடது கை சட்டைக்குள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டேன். காவேரி ஏணியில் இறங்கும்போது என் சத்தம் கேட்கவில்லையே என்று பதறிப்போய், பெட்டியை ஜெட்டியிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள்.

புதிதாக வைத்த கம்பி வலை உடம்புக்கு அந்நியம் விஜயா. அதன்மேல் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போகாமல் காவல் காப்பது அந்த இரண்டு மாத்திரைதான். வலை அதன் இடத்தில் ஒழுங்காக இருந்தது, காவலை நான்தான் எடுத்துவிட்டேன். இன்னொன்றைச் சொன்னால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். அதே மாத்திரை இங்கே நம் ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்தது. நான் போய்க் கேட்கவே இல்லை. கப்பல் வரவில்லை என்றால் இருக்காது என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். உண்மையைச் சொன்னால் ஸ்டென்ட் என்ற பேச்சையே நீ எடுக்கமாட்டாய் என்று பயந்தேன். அதைவிட, பெட்டியைக் காவேரி கொண்டுவந்தாள் என்று தெரிந்தால் நீ அவளை ஆயுசுக்கும் விடமாட்டாய். அவள் ஏற்கெனவே தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறாள். நான்தான் அவளிடம் சத்தியம் வாங்கினேன்.

ஸ்டென்ட் ஆபத்தே இல்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டரம்மா சொன்ன அந்த இரண்டு மூன்று பேர் உண்மைதான். ஆனால் நான் அவர்களில் ஒருவனாக இல்லை. நானாகப் போய் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டேன். நீ சேராதே.

உன் அண்ணன்


கேம்பல் பே
29-9-2025

விஜயா, நீ நலமா? இதுவரை சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது உண்மையாகவே கேட்கிறேன்.

பானு கடிதத்தை டிரைவரிடம் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். உன்னிடமிருந்து பதில் இல்லை. போனும் எடுப்பதில்லை. கோபமென்றால் கோபமென்று ஒரு வரி எழுது. வேறு ஏதாவது என்றால் ஹரிணியாவது எழுதட்டும். இருட்டுகிற வரை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒச்சப்பன்


திக்லிபூர்
4-10-2025

என் அண்ணனுக்கு, உயிரோடும் மாத்திரையோடும் இருக்கிற தங்கச்சி எழுதுவது.

இந்தக் கடிதம் வருவதற்குள் மதினி எல்லாம் சொல்லியிருப்பாள். இருந்தாலும் எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

முதலில் நான் உன்னை நம்பவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போட வைக்க நீ கட்டிய கதை என்று நினைத்தேன். பிறகு இவ்வளவு நீளமாகப் பொய் சொல்ல உனக்கு வராதே என்று தோன்றியது. அப்படியும் எந்த முகத்தோடு பேசுவது என்று போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். முந்தாநாள்தான் மதினிக்கு அடித்தேன். ஹலோ என்றதும் அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. பெட்டியை ஏன் நீ கொண்டுவந்தாய் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன், அதை நீ சரியாகத்தான் கணித்திருக்கிறாய். அவள் அழுகிற அழுகையில் கேட்க மனசு வரவில்லை. "விடுங்க மதினி, அவன் பையில திணிச்சு அனுப்பிச்சிருந்தாலும் நீட்டித்தான் இருப்பான்" என்றேன். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

பட்டப்பகலில் குடித்தாயா என்று உன்னைக் கேட்டேனே, அது என் காதிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது. என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவனை வைடா என்றேன். எத்தனை பேர் மூஞ்சியைப் படித்தவள் என்று பீற்றிக்கொண்டேன். கூடப் பிறந்தவன் குரலைப் படிக்கத் தெரியவில்லை. மன்னித்துவிடு என்று எழுதினால் நீ கேலி செய்வாய், அதனால் எழுதவில்லை. ஆனால் அதுதான்.

மாத்திரை விஷயம். நம் ஆஸ்பத்திரி மருந்து கவுண்டருக்குப் போய் அட்டையைக் காட்டினேன். அந்தப் பையன் இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினான். இத்தனை நாள் இருந்ததா என்றேன். "ஹை நா ஆன்ட்டி. ஆப் பூச்சா கிதர்?" என்றான். இருக்கத்தான் செய்தது, நான் எங்கே கேட்டேன். நீயும் நானும் ஒரே ஆத்தாவின் பிள்ளைகள் என்பதற்கு ஸ்கேன் எதுவும் வேண்டாம்.

டாக்டரம்மாவிடம் உன் கதை முழுவதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டாதது ஒன்றுதான் குறை. மறு ஸ்கேனில் அடைப்பு இன்னும் கூடியிருக்கிறது. சென்னைக்குப் படங்களை அனுப்பினார். என் அடைப்பு தாடைக்குக் கீழே உயரத்தில் இருப்பதால் கத்திக்கு எட்டுவது சிரமம், ஸ்டென்டே தோது என்று அங்கிருந்து பதில் வந்தது. என் சந்தேகம் போய்விட்டது என்று நினைக்காதே. யார் போடுவார், இதுவரை எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறார், அதில் எத்தனை பேருக்குக் கோளாறானது, எல்லாம் கேட்டுப் பதில் வாங்கின பிறகுதான் தேதி கொடுத்தேன். நவம்பரில் போகிறோம். ஹரிணி மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள், காது வலிக்கிறது.

போவதற்கு முன்னால் எனக்கு உன் குரல் வேண்டும். தீபாவளி அன்று காலையில், எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் போன் பண்ணுவேன். மதினி எடுக்கக் கூடாது. நீ எடு. எப்படிப் பேசினாலும் சரி, நான் வைக்க மாட்டேன்.

உன் விஜயா


கேம்பல் பே
14-10-2025

கூறுகெட்ட கழுதைக்கு, அண்ணன் ஆசி. நீ நலம் என்று போனில் தெரிந்த அன்றைக்குத்தான் நானும் காவேரியும் வயிறாரச் சாப்பிட்டோம்.

எடுக்கிறேன். ஆனால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த வாயால் எத்தனை கப்பலைக் கூப்பிட்டிருக்கிறேன். இப்போது பால்காரனே ரெண்டு தரம் கேட்கிறான். உன் பெயரில் ஜ வருவது எனக்குப் பெரிய கஷ்டம். அப்பா உனக்கு வேறு பெயர் வைத்திருக்கலாம்.

அதனால் ஒரு ஏற்பாடு. அந்த ரப்பர் வாத்து ஞாபகம் இருக்கிறதா? பானு அதை வைத்துத்தான் என் இடது கைக்குப் பயிற்சி கொடுக்கிறாள். முதலில் விரலே மடங்கவில்லை. இப்போது கொஞ்சம் அழுங்குகிறது, சத்தம்தான் வரவில்லை. தீபாவளிக்குள் வரவைத்துவிடுகிறேன் என்று அவளிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். பேச்சு வராவிட்டால் வாத்தை அழுத்துவேன். ஒரு தடவை கத்தினால் நான்தான் எடுத்திருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு தடவை கத்தினால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். சிக்னல் ரூம் பாஷை, புரிந்துகொள்.

சென்னைக்குப் போகும்போது மாத்திரையைப் பெட்டியில் வைக்காதே.

ஒச்சப்பன்


சென்னை
15-11-2025

அண்ணனுக்கும் மதினிக்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு விஜயா எழுதுவது. நான் சுகம். இந்தத் தடவை நீ சந்தேகப்படலாம், அதனால் ஹரிணியும் கீழே ஒரு வரி எழுதி கையெழுத்துப் போடுவாள்.

தீபாவளி அன்று நீ பேசியதில் பாதி புரிந்தது. புரியாத பாதியைப் பற்றிக் கவலைப்படாதே, நீ நன்றாகப் பேசிய காலத்திலும் நான் பாதிதான் கேட்டேன். முதல் வாத்துச் சத்தம் சட்டென்று வந்துவிட்டது. இரண்டாவது வரவில்லை. வரவே இல்லை. நீ மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பிறகு சின்னதாக ஒரு கீச். நான் போனைக் கீழே வைத்துவிட்டு அழுததை ஹரிணி மதினியிடம் சொல்லியிருப்பாள்.

நேற்று காலையில் போட்டார்கள். நீ எழுதியபடியேதான் எல்லாம் நடந்தது, ஊசி, குழாய், குடை. எனக்கு இடது கழுத்து என்பதால் வலது கையில் பொம்மையைக் கொடுத்தார்கள். வாத்து இல்லையாம், தவளைதான் இருந்தது. கழுத்துக்குள் என்னமோ விரிகிற மாதிரி இருந்தபோது பயம் வந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், அந்த இரண்டு மூன்று பேர் நினைப்புதான். அப்போது டாக்டர், "அம்மா, ஒரு தடவை அழுத்துங்க பார்ப்போம்" என்றார்.

நான் இரண்டு தடவை அழுத்தினேன்.

அவர் பதறிப்போய், "ஏம்மா, என்ன செய்யுது?" என்று குனிந்து கேட்டார். "ஒண்ணும் செய்யல சார். கேம்பல் பேயில எங்கண்ணன் இருக்கான், அவனுக்குச் சொன்னேன்" என்றேன்.

மாத்திரை அத்தனையும் என் கைப்பையில், என் மடியில் இருக்கிறது. கப்பலில் எதுவும் அனுப்பவில்லை.

விஜயா

மாமா, அம்மா சொன்னது எல்லாம் உண்மை. தவளையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஹரிணி